மலையடிவாரத்துப் பிள்ளையே, முன்னால் நட!

கடமலைக்குண்டிலும் மயிலாடும்பாறையிலும் வருசநாட்டிலும் பிறந்து வளர்ந்த தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் இதை எழுதுகிறேன்.

உன் வீட்டு மொட்டை மாடியில் ஏறி நில். தெற்கே வருசநாட்டு மலை. மேற்கே மேகமலை. மழைக்காலத்தில் மூல வைகை செந்தண்ணீராகப் புரண்டு வரும்போது ஊரே பாலத்தில் நின்று வேடிக்கை பார்க்கும். அந்தத் தண்ணீரைப் பிடித்து வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கொடுக்கிற சோலைகளையும் புல்வெளிகளையும் உங்களில் எத்தனை பேர் கண்ணால் பார்த்திருக்கிறீர்கள்?

சென்னையிலிருந்து வருகிறார்கள். பெங்களூரிலிருந்து வருகிறார்கள். சின்னமனூரில் திரும்பி, பூக்களின் பெயர் சூட்டிய 18 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து மேகமலைக்குப் போகிறார்கள். கொழுக்குமலையில் சூரிய உதயம் பார்க்க நடுராத்திரியில் எழுந்திருக்கிறார்கள். நீ மட்டும் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, "நமக்கெல்லாம் ஏதுடா டூர்?" என்கிறாய்.

அந்த வார்த்தையை இன்றோடு விட்டுவிடு. உனக்குத்தான் டூர். இந்த மலைகளுக்குப் பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு போய், பத்துப் பேரையும் பத்திரமாக வீடு கொண்டுவந்து சேர்க்கிற தகுதி வேறு யாரையும் விட உனக்கு அதிகம். அந்தத் தகுதியை நீ இன்னும் எடுத்துப் பயன்படுத்தவில்லை, அவ்வளவுதான்.

மலை உனக்குப் புதுசா?

விடிவதற்கு முன் போடியிலும் கம்பத்திலும் ரோட்டோரம் நின்று பார். தலையில் துண்டு, கையில் தூக்குவாளி, தோளில் ஒரு பழைய பை. நம் அம்மாக்களும் அக்காக்களும் மதினிகளும் ஜீப்பில் நெருக்கியடித்து உட்கார்ந்து, மலை ஏறி, கேரள எல்லை தாண்டி ஏலத் தோட்டத்துக்குப் போகிறார்கள். அட்டை கடிக்க, மழை நனைக்க, நாள் முழுக்கக் குனிந்து காய் எடுத்துவிட்டுச் சாயங்காலம் இறங்கி வருகிறார்கள். வந்ததும் அடுப்பைப் பற்ற வைக்கிறார்கள்.

அந்த ரத்தம் உன் உடம்பில் ஓடுகிறது. மலை ஏறும் பலத்தை நீ புதிதாகச் சம்பாதிக்க வேண்டியதில்லை. உன்னிடம் குறைவது ஒன்றே ஒன்று. "நான் பார்த்துக்கிறேன்" என்று சொல்லி, சொன்னதை முடிக்கிற பழக்கம்.

யோசித்துப் பார். எத்தனை டூர் வாட்ஸ்அப் குழுவிலேயே செத்துப்போனது? "மாப்ளே, லீவுல எல்லாரும் போறோம்டா" என்று ஒருவன் ஆரம்பிப்பான். நாற்பது பேர் கட்டைவிரல் காட்டுவார்கள். தேதி கேட்டால் பேச்சு நிற்கும். பணம் கேட்டால் குழுவே அமைதியாகும். ஒரு வாரத்தில் அந்தப் பேச்சு காணாமல் போகும். பணம் இல்லாததாலா? வண்டி கிடைக்காததாலா? இல்லை. பொறுப்பை எடுத்துத் தோளில் போட்டுக்கொள்ள ஒருவர் இல்லாததால்தான். அந்த ஒருவர் நீயாக இரு.

ஒரு நோட்டு, ஒரு பேனா

முதல் காரியம், நாற்பது ரூபாய் நோட்டு ஒன்று வாங்கு. போனில் எழுதாதே, நோட்டில் எழுது. எழுதியதை எல்லோர் முன்னாலும் வைத்துப் படிக்கலாம்.

முதல் பக்கத்தில் தேதி. "அடுத்த மாசம்" என்று எழுதாதே. எந்த ஞாயிறு, எத்தனை மணிக்குக் கிளம்புகிறோம், எத்தனை மணிக்கு வீடு திரும்புகிறோம் என்று எழுது. தேதியைத் தள்ளிப் போடச் சொல்கிறவர்கள் எப்போதும் இருப்பார்கள். அவர்களை அன்போடு விட்டுவிட்டு, வருகிறவர்களோடு கிளம்பு. ஆறு பேர் வந்தாலும் போதும்.

இரண்டாம் பக்கத்தில் பணம். ஜீப் வாடகை, நுழைவுக் கட்டணம், சாப்பாடு, தண்ணீர் எல்லாவற்றையும் விசாரித்து எழுது. உதாரணமாக மொத்தம் 9,000 ரூபாய் வருகிறது, பத்துப் பேர் போகிறீர்கள் என்றால் தலைக்கு 1,000 வாங்கு. மிச்சம் 1,000 அவசரத்துக்கு. வண்டி பஞ்சரானாலும் ஒருவருக்கு ஊசி போட வேண்டி வந்தாலும் அப்போது கையைப் பிசைய வேண்டாம். பணத்தை நீ வைத்துக்கொள்ளாதே, கணக்குப் பார்க்கத் தெரிந்த இன்னொருவரிடம் கொடு. திரும்பி வந்த மறுநாளே வரவையும் செலவையும் எழுதி, மீதியைப் பிரித்துக் கொடு. ஐந்து ரூபாயாக இருந்தாலும் கொடு. அந்த ஐந்து ரூபாயில் நீ சம்பாதிக்கிற நம்பிக்கையை ஆயுசு முழுக்கச் செலவழிக்கலாம்.

மூன்றாம் பக்கத்தில் ஆட்கள். யாருக்கு ஆஸ்துமா, யாருக்குச் சர்க்கரை, யார் மலைப்பாதை வளைவில் வாந்தி எடுப்பார், யாருக்குக் கால் வலி என்று தனியாகக் கேட்டுத் தெரிந்துகொள். ஒவ்வொருவர் வீட்டிலும் யாரைக் கூப்பிட வேண்டும் என்று நம்பரோடு எழுது. அந்தப் பக்கத்தின் நகல் ஒன்று ஊரில் பொறுப்பான ஒரு பெரியவரிடம் இருக்கட்டும். எந்த வழியாகப் போகிறோம், எப்போது திரும்புவோம் என்பதும் அவருக்குத் தெரியட்டும். மலையில் பல இடங்களில் சிக்னல் கிடைக்காது. கீழே ஒருவர் நேரம் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பதே பெரிய பாதுகாப்பு.

நடை என்று வந்தால் ஒரே சட்டம். வழி தெரிந்தவர் முதலில், நிதானமானவர் கடைசியில். அந்தக் கடைசி ஆளுக்குப் பின்னால் யாரும் தங்கக் கூடாது. மெதுவாக நடப்பவரை முன்வரிசைக்குக் கொண்டுவா. அவருடைய நடைதான் மொத்தக் குழுவின் நடை. ஓடிக் காட்டுகிற வீரம் மலையில் வேண்டாம். ஒவ்வொரு முறை உட்கார்ந்து எழும்போதும் தலையை எண்ணு.

இதெல்லாம் பெரிய வேலை என்று மலைக்கிறாயா? வருடத்துக்கு ஒரே நாள், சித்ரா பௌர்ணமி அன்று, மங்கலதேவி கண்ணகி கோயிலுக்கு ஆயிரக்கணக்கான பேர் ஏறுகிறார்கள். பளியன்குடி வழியாக நடந்து ஏறுகிறவர்கள் ஒரு பக்கம், குமுளி வழியாக ஜீப்பில் போகிறவர்கள் ஒரு பக்கம். தேனி, இடுக்கி என்று இரண்டு மாநிலத்து மாவட்ட நிர்வாகங்கள் முன்கூட்டியே உட்கார்ந்து பேசி, வண்டி, தண்ணீர், மருத்துவர், வனத்துறை, போலீஸ் என்று எல்லாவற்றையும் பிரித்துப் போட்டு, பொழுது சாய்வதற்குள் அத்தனை ஜனத்தையும் கீழே இறக்கிவிடுகின்றன. ஊர் கூடித் தேர் இழுக்கிற பூமி இது. பத்துப் பேருக்கு ஒரு நாள் திட்டம் போட உனக்குத் தெரியாதா?

மலையின் காலண்டரைப் படி

உன் வசதிக்கு மலை திறந்திருக்காது. அதன் நேரம் அதற்கு. அந்த நேரத்தைத் தெரிந்துகொள்வதில்தான் உன் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது.

ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. எல்லைக்கு அந்தப்புறம் அடித்துப் பெய்யும். அட்டையும் வழுக்கலும் ஜாஸ்தி. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்கு மழை. கோம்பைத்தொழு பக்கம் சின்னச்சுருளி அருவிக்குப் போகிற ஆசை அப்போதுதான் வரும். காட்டாற்று வெள்ளமும் அப்போதுதான் வரும். மேலே மேகம் இருட்டினால் கீழே வெயில் அடித்தாலும் தண்ணீரை விட்டு வெளியேறு. பிப்ரவரியில் புல் காய்ந்துவிடும், காட்டுத்தீ காலம் ஆரம்பமாகும். மூணாறுக்கு மேலே இரவிகுளம் தேசியப் பூங்காவையும் வரையாடுகள் குட்டி ஈனும் அந்தப் பருவத்தில்தான் மூடி வைக்கிறார்கள். போய் நின்று வாசலைப் பார்த்துவிட்டுத் திரும்புகிற கூட்டத்தில் நீ இருக்காதே. ஒரு போன் போட்டு விசாரித்துவிட்டுக் கிளம்பு.

எங்கே போகலாம், எங்கே கூடாது என்பதையும் தெரிந்துகொள். 2021 பிப்ரவரியில் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. தமிழ்நாட்டில் அது ஐந்தாவது. நம் மூல வைகை பிறக்கிற காடுகள் அதற்குள் இருக்கின்றன. அனுமதி இல்லாத இடத்துக்குள் திருட்டுத்தனமாக நுழைவதில் எந்த வீரமும் இல்லை. வனத்துறை அலுவலகத்துக்குப் போய், "சார், நாங்க இத்தனை பேர், இந்தத் தேதியில போக விரும்புறோம், எந்த வழியில விடுவீங்க?" என்று நிமிர்ந்து நின்று கேள். கேட்கத் தயங்கியே பாதிப் பேர் தப்பான பாதைக்குப் போகிறார்கள்.

இடம் பற்றிய விவரமும் நோட்டில் ஏறட்டும். கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டம் நம் தேனி மாவட்டம். ஏழாயிரம் அடிக்கு மேலே இருக்கிறது. ஆனால் ஜீப்பில் போக வேண்டுமென்றால் கேரளத்துச் சூரியநெல்லி வழியாகத்தான் போக வேண்டும். டாப் ஸ்டேஷன் என்ற பெயர் எப்படி வந்தது தெரியுமா? மூணாறுத் தேயிலை குண்டளைப் பள்ளத்தாக்கு ரயிலில் அங்கே வந்து, கம்பிவடத்தில் கீழே கொட்டகுடிக்கு இறங்கி, போடிக்குப் போனது. 1924 பெருவெள்ளம் அந்த ரயிலையே அடித்துக்கொண்டு போனது. கூட்டிப் போகிறவர்களிடம் இதைச் சொல். புல்வெளியைக் காட்டி, "இது சும்மா கிடக்கிற நிலம் இல்ல, மழைத் தண்ணிய மண்ணுக்குள்ள இறக்குறதே இந்தப் புல்லுதான்" என்று சொல். பழனி மலையிலும் நீலகிரியிலும் புல்வெளியைத் தரிசு என்று நினைத்து சீகை மரத்தையும் தைல மரத்தையும் நட்டதன் கேட்டைப் பிறகுதான் உணர்ந்தார்கள். இதைக் கேட்டவன் அந்தப் புல்லில் பிளாஸ்டிக் பாட்டிலை வீச மாட்டான். செல்ஃபி எடுக்கப் போனவர்கள் ஆற்றுக்குக் காவலாகத் திரும்பி வருவார்கள்.

குரங்கணியை மறக்காதே

2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. நம் மாவட்டத்துக் குரங்கணி மலை. கொழுக்குமலைக்கு ஏறி இறங்கிக்கொண்டிருந்த மலையேற்றக் குழுவினரைக் காட்டுத்தீ சூழ்ந்தது. சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர்ப் பக்கமிருந்தும் வந்தவர்கள். நிறையப் பேர் இளம்பெண்கள். சரிவில் இடுப்பளவு காய்ந்த புல். காற்று. எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல் சிதறினார்கள். சிகிச்சை பலனில்லாமல் போனவர்களையும் சேர்த்து 23 உயிர்.

தீ என்றதும் முதலில் மேலே ஓடியவர்களில் நம் மலையடிவாரத்து ஜனங்கள் இருந்தார்கள். இருட்டில், போர்வையில் டோலி கட்டி, காயம்பட்டவர்களைச் சுமந்து இறக்கினார்கள். நம் மண்ணின் துணிச்சலை அந்த ராத்திரி உலகமே பார்த்தது. அந்தத் துணிச்சல் தீ பிடித்த பிறகு மட்டும் தேவைப்படுகிற ஒன்றாக ஏன் இருக்க வேண்டும்? போவதற்கு முன்பே அது வேலை செய்யட்டும். "அண்ணே, இப்ப புல்லு காஞ்சு கிடக்கு, இந்த மாசம் வேணாம்" என்று சொல்ல உன் ஊர்க்காரனுக்குத்தான் தெரியும். அந்தச் சொல்லைத் தைரியமாகச் சொல்கிறவனாக நீ வளர வேண்டும்.

அந்தத் துயரத்துக்குப் பிறகு அதே ஆண்டில் தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கென்றே விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் 14 மாவட்டங்களில் 40 வழித்தடங்களோடு அரசின் மலையேற்றத் திட்டம் தொடங்கியது. எளிது, நடுத்தரம், கடினம் என்று தரம் பிரித்து, ஆன்லைனில் பதிவு செய்து, பயிற்சி பெற்ற வழிகாட்டியோடுதான் போக வேண்டும். குரங்கணி–சாம்பலாறு பாதையும் அதில் ஒன்று. காட்டுத்தீ காலத்தில் நிறுத்தி வைக்கிறார்கள். வழிகாட்டிகளாக மலையோர கிராமத்து இளைஞர்களையும் பழங்குடி இளைஞர்களையும் எடுத்துப் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். நான் சொல்வது புரிகிறதா? நீ வேடிக்கை பார்த்த மலை, உனக்குச் சீருடையும் சம்பளமும் மரியாதையும் தரக் காத்திருக்கிறது.

திரும்பி வருகிறவனே தலைவன்

உச்சி கண்ணுக்குத் தெரியும்போது "போதும், திரும்புவோம்" என்று சொல்ல நெஞ்சுரம் வேண்டும். ஏறுவதைவிட அது கஷ்டம்.

1960-ல் இந்தியாவின் முதல் எவரெஸ்ட் குழு உச்சிக்கு 700 அடி கீழே, புயலில், திரும்பியது. 1962-ல் இரண்டாவது குழு போனது. இந்த முறை 400 அடிதான் பாக்கி. மறுபடி காற்று, மறுபடி திரும்பினார்கள். அந்தக் குழுவில் இருந்தவர் எம்.எஸ். கோலி. தோற்றுப்போனோம் என்று அவர் முடங்கியிருந்தால்? 1965-ல் அவரே தலைவராக மூன்றாவது குழுவைக் கூட்டிக்கொண்டு போனார். அந்த முறை ஒன்பது பேர் உச்சியில் நின்றார்கள். 1960-லும் 1962-லும் உச்சிக்குக் கிட்டே போய்த் திரும்பிய சோனம் கியாட்சோ அந்த ஒன்பது பேரில் ஒருவர். இரண்டு தடவை திரும்பியதால்தான் மூன்றாவது தடவை ஏற அவர் உயிரோடு இருந்தார்!

ஆகவே நோட்டின் நான்காம் பக்கத்தில் திரும்பும் நேரத்தை எழுது. மதியம் ஒரு மணி என்று எழுதினால், உச்சி நூறடியில் இருந்தாலும் ஒரு மணிக்குத் திரும்பு. மழை வந்தால், யானைத் தடம் புதிதாக இருந்தால், ஒருவருக்கு மூச்சு வாங்கினால், மொத்தக் குழுவும் திரும்பும். "பயந்தாங்கொள்ளி" என்று எவனாவது சொன்னால் சொல்லட்டும். அடுத்த மாதம் அவனுடைய அம்மா உன்னை நம்பித்தான் அவனை அனுப்புவாள்.

தங்கச்சி, உன்னிடம் தனியாக

"பொம்பளப் பிள்ளைக்கு மலையில என்ன வேலை?" என்று உன் வீட்டில் கேட்பார்கள். கோபப்படாதே. அழாதே. நோட்டை எடுத்து அப்பா முன்னால் விரி. யார் யார் வருகிறார்கள், கூட வரும் டீச்சர் யார், எந்த வண்டி, டிரைவர் யார், எங்கே கழிப்பறை, எத்தனை மணிக்குத் திரும்பல். ஒவ்வொன்றையும் படித்துக் காட்டு. பயத்தோடு வாக்குவாதம் செய்து ஜெயிக்க முடியாது. விவரம் சொன்னால் பயம் தானாக இறங்கும்.

நம் மலைக்கு மறுபக்கம் விருதுநகர் மாவட்டம். அங்கே ஜோகில்பட்டியில் பிறந்த முத்தமிழ்ச்செல்வி இரண்டு குழந்தைகளுக்குத் தாய். 2023 மே 23 அன்று எவரெஸ்ட் உச்சியில் நின்றார். தமிழ்நாட்டிலிருந்து அங்கே ஏறிய முதல் பெண். இந்தியாவிலிருந்து முதன்முதலில் எவரெஸ்ட் ஏறிய பெண்ணான பச்சேந்திரி பால் 1984-ல் உச்சியைத் தொட்டதும் அதே மே 23 தான். அவர் உத்தரகாசியின் நேரு மலையேற்றப் பயிற்சி நிறுவனத்தில் முறையாகப் படித்தவர். 1965-ல் தொடங்கிய அந்த நிறுவனம் இன்றும் சாதாரண வீட்டுப் பிள்ளைகளுக்கு அடிப்படைப் பயிற்சி கொடுக்கிறது. டார்ஜிலிங்கில் 1954-ல் தொடங்கிய நிறுவனமும் இருக்கிறது. 2023 ஜூனிலிருந்து போடியிலிருந்தே சென்னைக்கு ரயில் இருக்கிறது. கடமலைக்குண்டிலிருந்து இமயமலை எட்டாத தூரம் இல்லை. டிக்கெட் எடுக்கத் தெரிந்தவர்களுக்கு அது சில நாள் பயணம்.

பத்துப் பேரில் ஆரம்பி

ஒரு டூர் போட்டதால் வாழ்க்கை மாறிவிடுமா என்று கேட்பாய். மாறும். தேதி குறித்து அதைக் காப்பாற்றக் கற்றுக்கொள்கிறாய். அடுத்தவர் பணத்தைக் கை சுத்தமாகக் கையாளுகிறாய். அதிகாரி முன்னால் நடுங்காமல் பேசுகிறாய். சண்டை போடுகிற இருவரை ஒரே ஜீப்பில் உட்கார வைக்கிறாய். பலவீனமானவரின் வேகத்துக்கு மொத்தக் கூட்டத்தையும் நடக்க வைக்கிறாய். இலவம் பஞ்சுக்கும் தேங்காய்க்கும் விலை கேட்டு நாளைக்கு விவசாயிகள் கூடினாலும், ஊர்க் கண்மாயைத் தூர்வாரினாலும், நீயே ஒரு தொழில் தொடங்கினாலும் தேவைப்படுவது இதே கைத்திறமைதான். எந்தக் கல்லூரியும் இவ்வளவு சீக்கிரம், இவ்வளவு குறைந்த செலவில் இதைக் கற்றுக்கொடுக்காது.

உனக்கு ஒரு இலக்கு தருகிறேன். நீலக்குறிஞ்சி பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை பூக்கும். மூணாறு, கொழுக்குமலைப் பக்கம் 2006-ல் பூத்தது, 2018-ல் பூத்தது. அடுத்து 2030. 2018 ஆகஸ்டில் பூக்கிற நேரம் பார்த்துக் கேரளத்தில் பெருவெள்ளம் வந்ததால் ஆசையோடு காத்திருந்த எத்தனையோ பேர் மலைக்குப் போகவே முடியாமல் போனது. ஆகவே 2030-க்கு ஒரு தேதியும், அது தவறினால் மாற்றுத் தேதியும் குறித்துத் தயாராக இரு. அந்த வருடம் நாடு முழுக்க இருந்து ஜனங்கள் நம் மலைக்கு வருவார்கள். அவர்களுக்கு வழி காட்டப் போகிறவர் யார்? எங்கிருந்தோ வருகிற ஏஜென்ட்டா, கடமலைக்குண்டுப் பிள்ளையா?

பதிலை இந்த வாரமே எழுத ஆரம்பி. ஞாயிற்றுக்கிழமை ஆறு பேரைக் கூட்டு. நோட்டைத் திற. முதல் டூர் சின்னதாக இருக்கட்டும். காலையில் போய்ச் சாயங்காலம் திரும்புகிற டூர், அனுமதி உள்ள இடம், வீட்டிலிருந்து கட்டிய புளிச்சோறு, ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர். சாராய பாட்டில் வண்டியில் ஏறக் கூடாது, தீப்பெட்டி காட்டுக்குள் போகக் கூடாது, கொண்டுபோன குப்பை அத்தனையும் திரும்பி வர வேண்டும். போய் வந்ததும் கணக்கை ஒப்படை. தவறியதை எழுதி வை. அடுத்த தேதியை அன்றைக்கே குறி.

"யாராவது ஏற்பாடு பண்ணினா நானும் வர்றேன்" என்று சொல்லும் கூட்டத்தில் இனி உன் குரல் கேட்கக் கூடாது. ஏற்பாடு பண்ணுகிற ஆள் நீ. எழுந்திரு, தேதியைச் சொல், பேரை எழுது, முன்னால் நட!